கீழ்லைனுக்கு மேலே இருக்கிற காற்று

பலூன் போய்விட்டது. நூலை விட்ட கையை இறக்க மறந்து பிலோமினா அண்ணாந்தபடி நின்றாள். வெள்ளையாக ஆடிக்கொண்டே ஏறியது, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டியது, மேகத்தின் அடிவயிற்றில் முட்டியது, அவ்வளவுதான், இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும். இனி அது தன்பாட்டுக்கு ஏறும். அதன் வாலில் தொங்குகிற சின்னக் கருவி போகிற வழியில் உள்ள காற்றைத் தொட்டுப் பார்த்து, இந்த உயரத்தில் ஈரம் இவ்வளவு, இந்த உயரத்தில் இவ்வளவு என்று கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே போகும். சொல்லட்டும். காய்ந்து கிடக்கிறது என்று சொல்லட்டும். மாதாவே, காய்ந்து கிடக்கிறது என்று மட்டும் சொல்லட்டும். மாதாவுக்குத்தான் எத்தனை தொல்லை, கீழே சமவெளிக்காரன் மழை கொடு என்கிறான், மேலே மலைக்காரி மழை வேண்டாம் என்கிறாள், அவள் யாருக்கென்று செய்வாள். ஆனால் உண்மையைச் சொன்னால் பிலோமினா மழை வேண்டாம் என்று கேட்கவில்லை. தான் காலையில் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான், இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வானிலை நிலையத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் அவள்தான் சொன்னாள்: மேலே காற்று வறண்டிருக்கிறது, இன்றைக்கும் நாளைக்கும் பெருமழைக்கு வழியில்லை, கீழே வரிசையாக நிற்கும் கீழ்லைன் வீடுகளின் தேயிலைத் தோட்ட ஜனங்கள் மழைக்கு ஒதுங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்குத் திரும்பலாம். அவர்களும் பாத்திரத்தையும் பாயையும் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அதில் அவள் தங்கை ரெஜினாவும் உண்டு, ரெஜினாவின் கையில் இன்னும் பெயர்கூட வைக்காத பிள்ளையும் உண்டு. லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் சரிவில் போன வருஷ மழையில் விழுந்த வெடிப்பு அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. பார்க்க வந்த பெரிய அதிகாரிகள், இன்னொரு பெருமழை விழுந்தால் இது நிற்காது என்று சொல்லிவிட்டு, நல்ல தேயிலையாகப் பார்த்து ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து, போ என்று சொல்வதும் வா என்று சொல்வதும் பிலோமினாவின் வேலையாகிவிட்டது.

திரையில் முதல் எண்கள் ஓடத் தொடங்கின. ஈரம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. அது ஒன்றும் சேதியில்லை, தரைக்குப் பக்கத்தில் இந்த மலையில் என்றைக்கும் அப்படித்தான், துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத ஊர் இது. சேதி மேலே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேலே, அங்கே காற்று வறண்டிருக்கிறது என்று பெட்டி சொல்கிறது. பெட்டி மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியோமீட்டர் என்று பெயர், லைன் ஜனங்களுக்கு அது மழைப்பெட்டி. பலூனைப் போல அது எங்கேயும் போகாது, எதையும் தொடாது, கிடந்த இடத்தில் மல்லாந்து கிடந்து வானத்தையே பார்க்கும். காற்றில் இருக்கிற நீராவி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நம் புலனுக்கு எட்டாத ஒரு மெல்லிய அனலை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அதைக் கீழேயிருந்தே வாங்கி, எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று பெட்டி கோடு போட்டுக் காட்டும், இரவு பகல் பாராமல், சோறு தண்ணீர் கேட்காமல். பலூன் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தருவார்கள், பெட்டிதான் அன்றாடம். அந்தப் பெட்டி போன வாரம் அவள் மானத்தை வாங்கியது. அதன் முகத்தில் போர்த்தியிருந்த தாள் பழசாகி, பனித்துளி வழுக்கி விழாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. தன் மூக்கு நுனியில் நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு வானம் முழுக்கத் தண்ணீர் என்று பெட்டி அலறியது, அதை நம்பி இவள் அலறினாள். ஜனங்கள் அரக்கப்பரக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். ஏறிய பிறகு அடித்தது பார் ஒரு வெயில், இந்த மலையில் அப்படி ஒரு வெயிலை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் இவள் சொல்லும்வரை இறங்கக்கூடாது என்று எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மழைப்பெட்டிக்காரி வந்தால் குடை வேண்டாம், கறுப்புக் கண்ணாடி போதும் என்று கங்காணி வீட்டுக்காரி சொன்னாளாம், எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். சிரித்தால் என்ன, உயிரா போய்விட்டது. ஆனால் பிலோமினாவுக்கு அந்தச் சிரிப்பு போகவில்லை, சாப்பிடும்போது தட்டில் இருந்தது, படுக்கும்போது தலையணையில் இருந்தது. அதனால்தான் அவ்வளவு அவசரம். தாளை மாற்றினாள், பெட்டிக்குப் புதிதாக அளவு கற்றுக்கொடுக்கத் திரவ நைட்ரஜன் வரவழைத்தாள். அது கீழே கோயம்புத்தூரிலிருந்து குடுவையில் வருவதற்குள்ளேயே பாதி ஆவியாகிப் போயிருக்கும், வந்த அன்றைக்கே பயன்படுத்தாவிட்டால் மீதியும் போகும். வந்தது ஒரு பனிமூட்டமான காலையில். காற்று அசையாத, மரம் தெரியாத காலையில் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும், பயிற்சியில் அவளே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நாளைக்குச் செய்யலாம் என்றால் நாளைக்கு நைட்ரஜன் இருக்காது. செய்தாள்.

செய்தாள், அதில்தான் சிக்கல், மனசு சுற்றிச் சுற்றி அந்த இடத்திலேயே வந்து முட்டுகிறது. பெட்டிக்கு இரண்டு பொருளைக் காட்ட வேண்டும். ஒன்று அறைச் சூட்டில் இருப்பது, இன்னொன்று நைட்ரஜனில் ஊறி உலகத்தில் எதுவும் இல்லாத அளவுக்குச் சில்லிட்டது. இது இவ்வளவு சூடு, இது இவ்வளவு குளிர் என்று பெட்டி மனசில் வாங்கிக்கொள்ளும், பிறகு வானத்தை அந்த இரண்டையும் வைத்துத்தான் அளக்கும். அந்தக் குளிர்ப்பொருளை மூடியிருந்த வெள்ளை நுரைத்தகட்டின் மேல் அன்றைக்கு ஈரம் படிந்திருந்தது. மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம். அவள் கட்டைவிரலால் அதில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள், விரல் நனைந்தது. பிறகு துணியால் துடைத்தாள். இவ்வளவும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதெல்லாம் பெட்டி பார்ப்பதற்கு முன்னாலா, பார்த்து முடித்த பின்னாலா? அதுதான் ஞாபகம் இல்லை. முன்னால் என்றால் ஒன்றும் இல்லை, துடைத்தாயிற்று, பெட்டி சுத்தமான குளிரைப் பார்த்தது, அது சொல்வதெல்லாம் சத்தியம். பின்னால் என்றால் பெட்டி அந்த ஈரத்தோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறது. ஈரத்தின் சூட்டையும் குளிர்க் கணக்கிலேயே எழுதிக்கொண்டுவிட்டது, அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ஒரு படி குறைத்தே சொல்லும், நிறைந்த வானத்தையும் வறண்ட வானம் என்றே சொல்லும். எடைக்கல்லே தப்பு என்றால் அப்புறம் எடுத்த எடையெல்லாம் என்ன. விரல் நனைந்தது. அப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்ததா? விசிறி சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது. விசிறி ஓடியது என்றால் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இல்லை, விசிறி எப்போதும்தான் ஓடும். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், புடவை நீலப் புடவை, இல்லை, நீலம் முந்தின நாள். முந்தின நாளா? முன்னாலா, பின்னாலா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள், அவள் பிடித்தது குரங்கா பிள்ளையாரா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. மறுநாள் பெட்டி வறட்சியைக் காட்டியபோது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அப்பாடா என்று இருந்தது. இனிமேல் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று இருந்தது.

தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று நான்கு. பலூன் இப்போது கீழ்லைனுக்கு நேர்மேலே எங்கேயோ சாய்ந்து போய்க்கொண்டிருக்கும். ரெஜினா காலையில் போன் பண்ணினாள். அக்கா, ஆபீஸ்ல சொல்றாங்க, நீ சொல்லு, போகட்டுமா என்றாள். இவள் போ என்றாள். எவ்வளவு சின்னச் சொல், ஒரே எழுத்து. போ. ரெஜினா ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை, அவள் எப்போது கேட்டிருக்கிறாள். சின்ன வயசில் ஒருநாள் அவள் புளியங்கொட்டையை விழுங்கிவிட்டாள். வயிற்றுக்குள் மரம் முளைக்கும், தண்ணீர் குடித்தால் சீக்கிரம் முளைக்கும் என்று இவள் விளையாட்டாகச் சொன்னாள், சொல்லிவிட்டு மறந்துபோனாள். சாயங்காலம் பார்த்தால் அது நாக்கு வறண்டு சுவரோரமாகப் படுத்திருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மா இவளை அடித்தாள், ரெஜினா நடுவில் வந்து அக்காவை அடிக்காதே என்று அழுதாள். அப்படிப்பட்ட பிறவி. அவளிடம் போய் ஒரு சொல் சொல்வதென்றால் பார்த்துச் சொல்ல வேண்டாமா. இப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள், ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வீடு, முதலில் கூட்டியிருப்பாள், அடுப்பு மூட்டியிருப்பாள், பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருப்பாள். அவள் புருஷன் சூசைக்குத் தேயிலை பேக்டரியில் இரவு வேலை, பகலெல்லாம் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு தூங்குவான், தலைமாட்டில் மத்தளம் வாசித்தாலும் எழுந்திருக்க மாட்டான். சரிவு பின்சுவருக்குப் பக்கத்தில். பின்சுவருக்குப் பக்கத்தில் தொட்டில். தொட்டிலை முன்பக்கம் கட்டச் சொல்லியிருக்கலாம். முன்பக்கம் கட்டினால் மட்டும் என்ன, மலை வந்தால் முன்பக்கம் பின்பக்கம் பார்த்தா வரும். ஏன் இப்படி நினைக்கிறேன், எதற்கு வாயை வைக்கிறேன், காய்ந்து கிடக்கிறது, மேலே காய்ந்துதான் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அசையவில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அது ஒன்றும் அறிகுறி இல்லை, அவள் படித்த படிப்பில் குருவிக்கு இடமில்லை, ஆனால் காது குருவியைத்தான் தேடியது.

தலைமை அலுவலகத்தில் இருக்கும் மேலதிகாரி வைத்தியலிங்கத்திடம் பலூன் விடுவதற்கு முன்பே பேசியிருந்தாள். அளவு கற்றுக்கொடுத்ததில் ஒரு சந்தேகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள், விரல் நனைந்ததைச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பலூன் விட அனுமதி கொடுத்தார், முடிவு வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார். இன்னொரு தடவை புலி வருது என்று சொல்லிப் புலி வராவிட்டால், எஸ்டேட்காரர்கள் நம்மைப் பெட்டியோடு மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்த ஜனங்களுக்குச் சொல்ல யாருமே இருக்க மாட்டார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது. தொண்ணூற்று ஐந்து. இதோ இரண்டு கிலோமீட்டர் தாண்டிவிட்டது, இனி எண் இறங்க வேண்டும். பெட்டி போட்ட கோடு பக்கத்துத் திரையில் இருக்கிறது, இந்த இடத்திலிருந்து அது இடதுபக்கமாகச் சாய்கிறது, அறுபது, ஐம்பது, நாற்பது. பலூனின் கோடும் இப்போது சாயும். தொண்ணூற்று ஐந்து. கொஞ்சம் பொறு. தொண்ணூற்று ஆறு. மேகத்துக்குள் இருக்கிறது, வெளியே வந்ததும் சாயும். இதைத்தான் வைத்தியலிங்கமும் சொல்வார், மேகத்துக்குள் போன பலூன் அந்த மேகத்தைத்தான் சொல்லும், ஊர் வானத்தைச் சொல்லாது. வெளியே வா. வெளியே வந்துவிடு, என் ராசாத்தி, வந்துவிடு. அவள் தன்னை அறியாமல் திரையின் மேல் கையை வைத்து அந்தக் கோட்டை இடதுபக்கமாகத் தள்ளினாள். கோடு தள்ளப்படவில்லை. மூன்று கிலோமீட்டர். தொண்ணூற்று ஆறு. பெட்டி அங்கே நாற்பது என்கிறது. நான்கு கிலோமீட்டர், தொண்ணூற்று ஏழு. வானம் அடியிலிருந்து நுனிவரை நிறைமாதமாக நிற்கிறது. ஐந்து. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் நிறைந்துதான் இருக்கிறது, வறண்ட காற்று என்று ஒன்று அங்கே கிடையாது, அது அவள் நுரைத்தகட்டிலிருந்து வந்தது. பின்னால்தான் துடைத்திருக்கிறாள். இப்போதும் ஞாபகம் வரவில்லை, ஆனால் பின்னால்தான்.

வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவள் நினைத்ததையே சொன்னார், மேகமாக இருக்கும், சாயங்காலம் இன்னொரு பலூன் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார். சாயங்காலமா என்றாள். சாயங்காலம் என்றார். எஸ்டேட் ஆபீஸைக் கூப்பிட்டாள். அங்கே எடுத்தவர், காலையில் நீங்கள்தானே அம்மா போகச் சொன்னீர்கள் என்று மிக மரியாதையாகக் கேட்டார், மேனேஜர் துரை சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றார். ரெஜினாவைக் கூப்பிட்டாள். ரெஜினா சிரித்தாள். இருபத்தேழு வருஷத்தில் அக்கா சொன்னதற்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அக்கா, இப்பத்தான் உலை வச்சேன். நீ போன்னா போறதுக்கும் வான்னா வரதுக்கும் எங்களுக்குக் காலா, சக்கரமா? கொஞ்ச நேரம் தூங்கு நீ. பெட்டிய பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு கெட்டுப் போச்சு." வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பிலோமினா பதில் சொல்லியிருப்பாள், அவள் பாசமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நினைப்பு என்று ஒன்று ஓடவில்லை, கால்தான் ஓடியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப்பாதையில், செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல், ஒரு துளி விழவில்லை, இன்னும் ஒரு துளிகூட விழவில்லை, விழுந்தால்கூட நன்றாயிருக்கும், விழுந்தால் நம்புவார்களே என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள். குழாயடியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கறுப்புக் கண்ணாடி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். என்ன சொல்வது. ஒரு நுரைத்தகட்டின் மேல் கொஞ்சம் ஈரம் இருந்தது என்றா. முதலில் சொன்னதும் பெட்டி, பிறகு சொன்னதும் பெட்டி, இப்போது பெட்டி பொய், பலூன் மெய் என்றா. அவளே கேட்டாலும் நம்ப மாட்டாள். ரெஜினா வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள், வாக்கா என்றாள். பிலோமினா உள்ளே போனாள், பின்சுவரோரம் தொட்டில், பிள்ளை தூங்கியது, பால் வாசனை, துணியோடு சேர்த்து அள்ளினாள், வெளியே வந்தாள், ஓடினாள். ரெஜினாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. பிலோமினா மேலே ஏறினாள், பிள்ளை விழித்து வீறிட்டது, பின்னாலேயே வந்தார்கள், பைத்தியம் பிடித்துவிட்டது அவளுக்கு, பிடியுங்கள், பிள்ளையைப் போட்டுவிடப் போகிறாள் என்று ஆணும் பெண்ணும் கிழடும் குஞ்சும் வந்தார்கள். வா என்று சொன்னால் வராத ஜனங்கள், உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். திட்டுங்கள், நன்றாகத் திட்டுங்கள், திட்டிக்கொண்டே வாருங்கள். பள்ளிக்கூட வாசலில்தான் அவள் உட்கார்ந்தாள். ரெஜினா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, ஓங்கி ஒரு அறை விட்டாள். வலிக்கவில்லை. எல்லோரும் சுற்றி நின்று மூச்சு வாங்கினார்கள். வானம் அப்படியே இருந்தது. காற்று இல்லை, துளி இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்களுக்கு மூச்சு திரும்பிவிடும், திரும்பியதும் இறங்கிப் போய்விடுவார்கள், அப்புறம் எந்தப் பிள்ளையைத் தூக்குவது. பிலோமினா தரையில் உட்கார்ந்தபடியே மரங்களுக்குக் கீழே தெரிந்த தகரக் கூரைகளைப் பார்த்தாள். விழட்டும். மழை மட்டும் போதாது, அந்தச் சரிவும் விழட்டும், இப்போதே விழட்டும், இவர்கள் இங்கே நிற்கும்போதே விழுந்துவிடட்டும், மாதாவே. காலையில் வறட்சியைக் கேட்ட அதே வாயால் முழு மனசோடு கேட்டாள், கேட்டுவிட்டுத் தன்னைத்தானே பயந்துபோய்ப் பார்த்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ரெஜினா அப்போதுதான் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இவரு வரல. தூங்கிட்டிருந்தாரு. நான் எழுப்பாமயே ஓடியாந்துட்டேன்" என்றாள்.

பிலோமினா எழுந்திருக்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உதட்டை அசைத்தாள். முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது.